பல்லில் ஊர்க் கோடு

மங்களூர்
24 ஆகஸ்ட் 1992

அன்புள்ள கௌரவ்வா அக்காவுக்கு,

நாகபஞ்சமிக்கு ஊரில் பார்த்துப் பிரிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் கடிதம் எழுதி உன் தையல் வேலையைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள். வேறு யாரிடமும் கேட்கத் தெரியவில்லை. நான் சௌக்கியம். உன் வீட்டுக்காரர், பாவாவுக்குப் பருத்தி ஜின்னிங் மில்லில் வேலை எப்படி இருக்கிறது? சவி பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா?

பல் மருத்துவத்தில் எங்களுக்கு இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. போன வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கினோம். இனிமேல் உண்மையான பல்லில்தான் பயிற்சி. பல்லைக் கல்லூரி தராது, அவரவர்தான் கொண்டு வர வேண்டும். அப்பா டாக்டராக இருப்பவர்கள் ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம் அப்பா மிளகாய் மூட்டை தூக்குகிறவர், என்னிடம் ஒன்றுகூட இல்லை. நீ டாக்டர் ஹிரேமட் வீட்டம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கிறாய் அல்லவா, அவருடைய ஆஸ்பத்திரியில் பிடுங்கிப் போடும் பற்களைக் கேட்டு வாங்கி அனுப்ப முடியுமா?

போன வாரம் நளினாட்சி மேடம் வகுப்பில் என்னை எழுந்து முன்னால் வரச் சொன்னார். என் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து எல்லாரையும் வரிசையாகப் பார்க்க வைத்தார். "இந்தப் பழுப்புக் கோடு தெரியுதா? முண்டரகிப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே விழுந்தது, தேய்ச்சாலும் போகாது" என்றார். பிறகு என்னிடம், "ஏம்மா நடுங்கறே? உன் வாய்தான் இன்னிக்குப் பாடம்" என்றார். இடத்துக்குத் திரும்பியதும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன். நீ இருந்திருந்தால், "வாயைத் திறந்து சிரிடி, பல்லு எதுக்கு இருக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாய். உனக்கும் அதே கோடுதான். நீ எப்படித்தான் கூச்சமில்லாமல் சிரிக்கிறாயோ.

நீ தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து என் அறைத்தோழி ஷைலட், "இது கோட்டா, ஜாக்கெட்டா? இடுப்புல பிடிச்சிருக்கு!" என்று சிரித்தாள். ஆனால் கல்லூரி வாசலில் கோட்டு தைக்கும் ஸெலின் பாய் என்கிற வயதான அம்மா என்னைக் கூப்பிட்டு, கோட்டின் கையை மடித்துப் பார்த்து, "இந்தத் தையல் யார் போட்டது?" என்று கேட்டார். சொன்னேன். பெருமையாக இருந்தது.

இன்னொன்று. நூலைப் பல்லால் கடித்து அறுக்காதே. பல்லின் ஓரம் தேயும் என்று படித்தேன்.

உன் தங்கை,
கஸ்தூரி


அண்ணிகேரி
15 செப்டம்பர் 1992

தங்கி கஸ்தூரிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்த ஊர்ப் புழுங்கலரிசிச் சோறு ஒத்துக்கொள்கிறதா? வேர்க்கடலைச் சட்னிப்பொடி இடித்துப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அதை மேலேயும் பல் பாட்டிலைக் கீழேயும் வைத்துத் துணி சுற்றித் தைத்திருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. இரண்டையும் கலந்துவிடாதே!

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டதும் கம்பவுண்டர், "ஜாக்கெட் தைக்கிற அக்காவுக்குப் பல்லு எதுக்கு? மாலை கோக்கவா?" என்றான். "ஆமாண்டா, உன் கழுத்துக்குத்தான்" என்றேன். டாக்டரே உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். இப்போது எனக்கென்று ஒரு டப்பா வைத்துப் போட்டு வருகிறான்.

உன் கடிதத்தைப் பாவாதான் பிரித்துச் சத்தமாக வாசித்தார், எப்போதும் போல. "உன் தங்கச்சி டாக்டரானா முதல்ல என் பல்லைத்தான் பிடுங்குவா" என்று கிண்டல் செய்தார். பாட்டிலை மட்டும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறார். "எவன் எவன் வாய்ல கிடந்ததோ, சாமி இருக்கிற வீட்ல எச்சிலைக் கொண்டாந்து வைக்கிறா" என்றார். அதனால் கொல்லையில் வறட்டி அடுக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சவி கண்டுபிடித்துவிட்டாள். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இவங்கல்லாம் இப்ப எப்படிம்மா சிரிப்பாங்க?" என்று கேட்கிறாள். அவளுக்கு இந்த ஊர் ஏரித் தண்ணீர், பல்லெல்லாம் மல்லிகை மொட்டு மாதிரி. நம்முடைய கோடு அவளுக்கு விழவில்லை.

நூல் விஷயம்: கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் பல்லால் பத்து முடிச்சு அறுத்துவிடலாம். போடி.

அக்கா,
கௌரவ்வா


மங்களூர்
20 அக்டோபர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நீ சொன்னபடி மேலிருந்து கீழே பிரித்தேன். சட்னிப்பொடியை ஷைலட் வெறும் கையால் அள்ளித் தின்றுவிட்டாள். எனக்கு மழை ஈரத்தில் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. உன் இடுப்பு வலி இப்போது எப்படி?

பற்களைச் சோடா போட்டு வேகவைத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். விடுதியில் அந்த நாற்றத்துக்கு வார்டன் கத்துகிறார். பிறகு பிளாஸ்டர் கரைத்து அதில் வேர்வரை புதைத்து வைத்தால் ஈறில் நிற்கிற மாதிரியே நிற்கும். அதில் டிரில் வைத்துக் குழி வெட்டி நிரப்ப வேண்டும். முதல் தடவை வெட்டியபோது நகம் கருகுகிற வாடை வந்தது. ஒருவர் வாயில் இத்தனை வருடம் இருந்தது, சாப்பிட்டது, பேசியது என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. மேடம், "செத்த பல்லுக்கே இப்படின்னா நாளைக்கு உயிருள்ள ஆள் கத்தும்போது என்ன செய்வே? வெட்டு" என்றார். வெட்டினேன். கண்ணாடியில் பார்த்து வெட்ட வேண்டும், வலது இடதாகத் தெரியும். இரண்டு பல் வீணாயிற்று.

அக்கா, நீ அனுப்பியதெல்லாம் கடைவாய்ப் பல். அதிலும் பாதி சொத்தை. குறையாக நினைக்காதே. பரீட்சைக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றாவது நல்லதாக வேண்டும். இங்கே முன்பல்லுக்குத்தான் கிராக்கி. சந்தை மாதிரி நாலு கடைவாய்ப் பல்லுக்கு ஒரு முன்பல் என்று மாற்றிக்கொள்கிறார்கள், அதுவும் எனக்குக் கொடுப்பார் இல்லை. எப்படியாவது கேட்டுப் பார்.

அன்புடன்,
கஸ்தூரி


அண்ணிகேரி
18 நவம்பர் 1992

தங்கி கஸ்தூரிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. நீ போனாயா? அப்பாவின் இருமல் எப்படி?

முன்பல் கிடைக்கவில்லை. "யாருக்கா நல்ல முன்பல்லைத் தானா வந்து பிடுங்கிக்குவாங்க?" என்கிறான் கம்பவுண்டர்.

ஜின்னிங் மில்லை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. பாவா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். நான் டாக்டர் வீட்டுக்குப் போய் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலையில்லாத ஆணின் பெண்டாட்டி ஊரெல்லாம் பல் பொறுக்குகிறாள் என்று யாரோ மில் வாசலில் சொன்னார்களாம். அவர் மனசும் நோகும்தானே. கடிதத்தில் பல்லைப் பற்றிக் கொஞ்சம் குறைத்து எழுது. உன் சாப்பாடு, உன் தோழிகள் இதையெல்லாம் எழுது.

கை சுளுக்கிக்கொண்டது. அதனால் இவ்வளவுதான்.

கௌரவ்வா


மங்களூர்
22 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுளுக்கு சரியாயிற்றா? தைலம் தேய்த்தாயா? போன கடிதத்துக்குப் பிறகு நான் போட்ட கார்டுக்குப் பதில் இல்லை. கிடைக்கவில்லையோ என்று நினைத்தேன்.

நீ சொன்னபடி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மனசில் அது இல்லை. பிப்ரவரியில் செய்முறைப் பரீட்சை. முன்பல் இல்லாதவர்கள் உட்கார முடியாது. வகுப்பில் நான் ஒருத்திதான் மிச்சம். மேடம் எல்லார் முன்னாலும், "கஸ்தூரி, உனக்கு மட்டும் தனியா முளைச்சு வரணுமா?" என்று கேட்டார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்காகக் கடைசியாக ஒரு தடவை அந்தக் கம்பவுண்டரிடம் கேள். ஒன்றே ஒன்று போதும். இனிமேல் கேட்கமாட்டேன். பாவாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதலாம் என்றால் அவர்தான் வாசிப்பார். பாவா, தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சவிக்கு முத்தம்.

கஸ்தூரி


அண்ணிகேரி
19 ஜனவரி 1993

கஸ்தூரிக்கு,

சங்கராந்தி ஆயிற்று. எள்ளும் வெல்லமும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

கம்பவுண்டர் மறுபடி ஒரு பாட்டில் சேர்த்துக் கொடுத்திருந்தான். அது கைதவறி உடைந்துவிட்டது. வாசல்வரை சிதறிப் போயிற்று. பெருக்கி எடுத்ததில் இது ஒன்றுதான் உனக்கு ஆகும்போல இருந்தது. மேல்வரிசை முன்பல், சொத்தை இல்லை. தூக்கி எறிய மனசு வரவில்லை. பஞ்சில் சுற்றி எள்ளுப் பொட்டலத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

பரீட்சையை நன்றாக எழுது. இனிமேல் அனுப்ப முடியாது.

கௌரவ்வா


மங்களூர்
26 பிப்ரவரி 1993

என் அருமை அக்காவுக்கு,

பாஸாகிவிட்டேன். வகுப்பிலேயே என் வேலைதான் சிறந்தது என்று மேடம் சொன்னார். எல்லாம் நீ அனுப்பிய பல்லால்! முதலில் உன் உடம்பைச் சொல். கடிதமே எழுத மாட்டேன் என்கிறாயே, அவ்வளவு தையலா?

பஞ்சைப் பிரித்தபோது கத்திவிட்டேன், ஷைலட் ஓடி வந்தாள். அதில் நம் ஊர்க் கோடு இருந்தது அக்கா. அச்சாக என் பல்லில் இருப்பது போல, அதே உயரத்தில் அதே பழுப்பு. முண்டரகிப் பக்கத்து ஆள் யாரோ அண்ணிகேரியில் வந்து பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். யாரென்று தெரியுமா? நம் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் என்பதால் வேற்று மனிதருடையது என்கிற பயமே வரவில்லை. கை நடுங்காமல் வெட்டினேன். பக்கவாட்டில் சின்னக் குழி வெட்டி, பல் நிறச் சிமெண்டால் நிரப்பி, மெருகேற்றினேன். எங்கே நிரப்பியது என்றே தெரியாது.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்து, "சொத்தை இல்ல, வேர் முழுசா இருக்கு, குறடு பிடிச்ச தடமே இல்ல. இதை எந்த மடையன் பிடுங்கினான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடாமல். டாக்டர் ஹிரேமட்டின் கை அவ்வளவு நல்ல கை என்று வீட்டம்மாவிடம் சொல்.

இன்னொரு அதிசயம். நேற்று எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. அவள் அம்மா அதைக் கழுவாமல் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் அந்தப் பல்லையே அதே குழியில் வைத்து அழுத்திக் கம்பியால் கட்டிவிட்டார். மறுபடி பிடித்துக்கொள்ளுமாம்! பல்லுக்கும் உயிர் இருக்கிறது அக்கா, கொஞ்ச நேரம்.

மகிழ்ச்சியுடன்,
கஸ்தூரி


அண்ணிகேரி
12 ஏப்ரல் 1993

தங்கி கஸ்தூரிக்கு,

நீ பாஸானதற்குக் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அப்பாவுக்கும் சொல்லி அனுப்பினேன். மில் இன்னும் திறக்கவில்லை.

இனிமேல் எனக்கு எழுதுவதை டாக்டர் ஹிரேமட் வீட்டம்மா விலாசத்துக்குப் போடு. இங்கே தபால்காரன் சரியாகக் கொடுப்பதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாவுக்கு முன்பல் போய்விட்டது. நீ பால் என்று எழுதியிருந்தாயே, அது எத்தனை நேரத்துக்கு? நாள் கழிந்துவிட்டால் ஆகாதா? பக்கத்தில் இன்னொரு பல்லும் ஆடுகிறதாம், அது தானாக நின்றுவிடுமா, விழத்தான் விழுமா? கட்டுப்பல் வைத்தால் பேசும்போது தெரியுமா? அந்த அம்மா கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் போ என்றால் எதிர்த்த தெருவில் இருந்தாலும் போக மாட்டேன் என்கிறாள். விழுந்தேன் என்றால் டாக்டர் நம்ப மாட்டாராம்.

நீ சொன்னபடி இப்போதெல்லாம் நூலைக் கத்தரிக்கோலால்தான் அறுக்கிறேன்.

சவியின் பள்ளிக்கூட விழாப் படம் வைத்திருக்கிறேன். மயில் வேஷம் கட்டினாள். இரண்டு நாளாக இறகைக் கழற்றவே இல்லை. "மயிலுக்குப் பல்லு இல்லம்மா, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே திரிகிறாள்.

கௌரவ்வா


மங்களூர்
3 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ என் பேச்சைக் கேட்டுக் கத்தரிக்கோலுக்கு மாறியது ஆச்சரியம், சந்தோஷம்.

அந்த அம்மாவிடம் சொல்: பாலில் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். நாள் கழிந்தால் ஆகாது. ஆடுகிற பல்லை உடனே பார்த்துக் கட்டினால் நிற்கலாம். ஆனால் மறுபடி அடி படக் கூடாது. கட்டுப்பல் வைக்கலாம், பார்த்தால் தெரியாமலும் செய்யலாம். அவர் எப்படி விழுந்தார்?

படத்தில் சவி எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! பின்னால் நிற்பது நீதானே? முந்தானையால் வாயை மூடியிருக்கிறாய். அது என் பழக்கம் அல்லவா, உனக்கு எப்போது வந்தது? படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சீக்கிரம் எழுது. சுருக்கமாக வேண்டாம்.

கஸ்தூரி


மங்களூர்
8 ஜூலை 1993

என் அக்காவுக்கு,

மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு போட்டதற்கும் இல்லை. நீ சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை டாக்டர் வீட்டம்மா உன் கையில்தான் கொடுப்பார் என்று நம்பி எழுதுகிறேன். வாசித்ததும் அவரிடமே கொடுத்துவிடு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பல் தேய்வைப் பற்றிப் பாடம். தொழிலைப் பொறுத்துப் பல்லில் தடம் விழும் என்று மேடம் சொன்னார். ஆணியைப் பல்லில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் தச்சருக்கு, கொண்டை ஊசியைப் பல்லால் பிரிக்கும் பெண்களுக்கு. "அப்புறம் தையல்காரங்க. ஒரே இடத்துல நூலைக் கடிச்சுக் கடிச்சு முன்பல் ஓரத்துல ஒரு சின்னப் பள்ளம் விழும், நகத்தை வெச்சா மாட்டும்" என்றார்.

அந்தப் பள்ளத்தை நான் பார்த்திருக்கிறேன். மெருகேற்றும்போது என் நகம் அதில் மாட்டியது. என்ன என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அலமாரியைத் திறந்து பரீட்சைக் கட்டையை எடுத்தேன். அதே கோடு, ஓரத்தில் அதே பள்ளம். பள்ளிக்கூட நாளில் நீ எனக்கு ஜடை பின்னிவிட்டு ரிப்பனைக் கடித்து அறுக்கும் இடம். என் வாழ்நாளில் நான் அதிகம் பார்த்த பல் அது. பிளாஸ்டருக்குள் நின்றதால் எனக்குத் தெரியவில்லை. சுத்தியால் கட்டையை உடைத்தேன். சத்தம் கேட்டு மேடம் வந்துவிட்டார்.

"பரீட்சைக்கு வெச்ச மாடலை உடைச்சியா? பைத்தியமா உனக்கு?"

"இது எங்க அக்கா பல்லு மேடம்."

அவர் முன்னால் நான் நடுங்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவர் பல்லை என் கையிலிருந்து வாங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "குறடு படலைன்னு நானே சொன்னேனே. சொல்லிச் சிரிச்சேனே" என்றார். பல்லை என் கையில் திருப்பிக் கொடுத்து, "உங்க அக்கா இப்ப எங்கே இருக்கா? வேற பல்லு ஆடுதா?" என்று கேட்டார். ஆடுகிறது என்றேன். பக்கத்து வீட்டு அம்மா என்று நான் சொல்லவில்லை.

பாட்டில் எப்படி உடைந்தது என்று நான் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று போதும் என்று கெஞ்சி எழுதினேன். நீ அனுப்பினாய். அதை வெட்டிக் குழி செய்து, சிரித்து, உனக்கே பெருமையாக எழுதினேன். அதை நினைக்காத நாளில்லை. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதினால் நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆடுகிற பல்லை உடனே கட்ட வேண்டும், மேடமே கட்டுவதாகச் சொன்னார். போன பல்லுக்குக் கடையில் வாங்கும் வெள்ளைப் பல் வைத்தால் உன் மற்ற பற்களுக்கு நடுவில் தனியாகத் தெரியும். அதில் நம் ஊர்க் கோடு இருக்காது. அதனால் உன் பல்லையே வைக்கப் போகிறோம். வேரை அறுத்துவிட்டு மேல்பாகத்தைக் கட்டுப்பல் தட்டில் பதிக்கலாம், நான் மேடத்தின் பக்கத்தில் இருந்து செய்வேன். உயிர் வராது. ஆனால் உன்னுடையது. இப்போது அது பஞ்சில், என் பெட்டியில் இருக்கிறது. வருடக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய கட்டையை உடைத்ததால் அந்தப் பரீட்சையை நான் மறுபடி எழுத வேண்டும். எழுதிக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் யாரும் உன்னை எப்படி என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்வேன். நீ வாயை மட்டும் திற.

இந்த மாதம் பஞ்சமி வருகிறது. பஞ்சமிக்குப் பிறந்த வீடு போகிறேன் என்றால் எந்தப் புருஷனும் கூடாது என்று சொல்ல முடியாது, பாவாவாலும் முடியாது. சவியைக் கூட்டிக்கொண்டு கதக் டவுன் வரை வழக்கம்போல வா. அங்கே நம் ஊருக்குப் போகும் முண்டரகி பஸ் ஏறாதே. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அப்பாவுக்கு எழுதினேன். "கட்டிக் குடுத்த பொண்ணு, பொறுத்துப் போகச் சொல்லு" என்று யாரையோ விட்டுப் பதில் எழுத வைத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை நீ பார்க்க வேண்டாம்.

ஸெலின் பாயிடம் பேசிவிட்டேன். அந்தக் கோட்டு தைத்தவளா என்று உடனே ஞாபகம் வந்தது அவருக்கு. முன்பல் இல்லை, வெளியே வரக் கூச்சப்படுவாள் என்றேன். "கோட்டு தைக்கக் கையும் கண்ணும் போதும்டி. எனக்கே பாதிப் பல்லு இல்ல, நான் என்ன கடையை மூடிட்டேனா?" என்றார். கடைக்குப் பின்னால் அவருடைய பழைய அறை சும்மா இருக்கிறது. மழையில் ஒரு மூலை ஒழுகுகிறது, ஓடு மாற்றித் தருவதாகச் சொன்னார். எதிரில் கன்னடப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மணி அடித்தால் அறைக்குள் கேட்கிறது. நின்று கேட்டுப் பார்த்தேன்.

பல் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்று நீ நினைத்துக்கொண்டு வருவாய். வந்தால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் எழுதிய பதிலை மறுபடி நினைத்துப் பார். கட்டினால் நிற்கும். மறுபடி அடி படக் கூடாது.

சவிக்கு என் முத்தம். உன் கையைப் பிடித்துக்கொண்டு முடிக்கிறேன்.

உன் தங்கை,
கஸ்தூரி

இவ்வளவு எழுதியும் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்டுவிடுகிறேன். தையல் மெஷின் பழுது என்று வீட்டில் சொல்லி, இந்த வாரமே அதைக் கொண்டுபோய் டாக்டர் வீட்டம்மாவிடம் வைத்துவிடு அக்கா. காலும் பலகையும் கிடக்கட்டும், இங்கே வாங்கிக்கொள்ளலாம். பஞ்சமிக்கு வரும்போது மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் புடவையில் சுற்றி எடுத்து வா.